கட்டைவிரல் கேட்கவில்லை

ஜூன் 12, வியாழன்

கடைக்குப் போகுமுன் அரை மணி நேரம் கிட்டார் வாசித்தேன். வழக்கம்போல் அம்மாவின் மரக்கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான். அந்த அறையில்தான் காலை வெளிச்சம் உண்டு. காது கேட்காத அம்மாவுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

கிட்டாரில் ஏதோ சரியில்லை. மெல்லிய தந்திகள் பளிச்சென்று பேசுகின்றன. கட்டைவிரல் அடிக்கும் தடித்த தந்திகள்தான் பஞ்சு மூட்டையில் அடித்தது போல இருக்கின்றன. நான் வாசிக்கிற ப்ளூஸ் இசையில் கட்டைவிரல் ஒரே சீராக நடந்துகொண்டே இருக்க வேண்டும். மற்ற விரல்கள் அதன் தோளில் ஏறிக்கொண்டு பாட்டைச் சொல்லும். நடப்பவன் நின்றுவிட்டால் தோளில் இருப்பவன் கதி என்ன?

புதுத் தந்தி போட்டுப் பார்த்தேன், மெலிந்த செட்தான். தொண்ணூறு வயதுக் கிட்டாருக்குத் தடித்த தந்தி போட்டால் மேல்பலகை தொப்பை போட்டுவிடும். புதுசிலும் அதே பஞ்சு மூட்டை.

அடுத்த மாதம் 19 அன்று அடையாறில் வாசிக்க வேண்டும். அதற்குள் சரியாக வேண்டும்.

ஜூன் 14, சனி

மயிலாப்பூரில் வெங்கடரமணன் சார் வீட்டில் ஒத்திகை. ஆறு வருடமாக நான் கிட்டார், அவர் மவுத்தார்கன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வாரம் முழுக்க வாயைத் திறக்காதவர், சனிக்கிழமை ஊதித் தீர்த்துவிடுவார்.

மூன்றாவது பாட்டில் நிறுத்தினார். "அன்பு, கட்டைவிரலை ஏன் இப்படி ஓங்கி அடிக்கறேள்? நான் ஊதறது எனக்கே கேக்கலை."

எனக்கோ கட்டைவிரல் போதவில்லை! அதைச் சொன்னேன். "ஆத்துல மாடியில இருந்தவா இறங்கி வந்துட்டா, பாருங்கோ" என்றார். மாடிப்படியில் அவர் மனைவி உண்மையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

கிட்டார்தான். வேறென்ன.

ஜூன் 17, செவ்வாய்

கோடம்பாக்கம். ரெஹான் பட்டறை. ஸ்டூடியோக்காரர்களின் வாத்தியமெல்லாம் பழுது பார்க்கிறவன், வேலை சுத்தம்.

இந்தக் கிட்டாரின் உள்ளே மேல்பலகையைத் தாங்கும் சட்டங்கள் எல்லாம் குறுக்காக, ஏணிப்படி மாதிரி, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியிருக்கும். இப்போதைய கிட்டார்களில் பெருக்கல் குறிபோல் இருக்கும். ஏணி வைத்த கிட்டாரில் ஒலி காய்ந்த குரலில் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். அந்தக் குரலுக்குத்தான் பதினொரு வருடத்துக்கு முன், சாந்தோமில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடம் கெஞ்சி இதை வாங்கினேன். ஏணியில் ஒரு படி பசை விட்டால் போதும், அடிக்குரல் போய்விடும்.

ரெஹான் விரல் நுனியால் பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டினான். பல் டாக்டர் கண்ணாடியை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தான். பழைய எக்ஸ்-ரே பிலிமை நீளமாக வெட்டி, சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே நுழைகிறதா என்று பார்த்தான். எங்கேயும் நுழையவில்லை.

"எல்லாப் படியும் கெட்டியா கீதுக்கா. அடி சவுண்டு சும்மா தம்முனு வர்து. உனுக்கு இன்னா கேக்கல?"

அவன் சும்மா கேட்டதுதான். கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஜூன் 18, புதன்

அவன் சரியாகப் பார்க்கவில்லை. எங்கேயோ ஒரு படி விட்டிருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

வீட்டில் வேறு கிட்டார் ஒன்று இருக்கிறது, பரண்மேல். அதை எடுத்து வாசித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

நேற்றுக் கடையில் நிற்க இடமில்லை. உஸ்மான் ரோடு ஹாரனெல்லாம் எங்கள் பாத்திரக் கடைக்குள்தான் வந்து விழுகிறது. அந்தச் சத்தத்திலும் அண்ணன் அய்யாதுரை கல்லாவில் இருந்து சொன்னதெல்லாம் துல்லியமாகக் கேட்டது. சந்தோஷமாக இருந்தது. பார்த்தாயா, எனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்று வீட்டில், ஃபேன் சத்தம்கூட இல்லாத நேரம், அவன் பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டானாம். நான்காவது தடவை தோளைத் தொட்டான்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அம்மாவுக்குப் பஸ்ஸில் ஏறினால் நன்றாகக் கேட்கும்.

சின்ன வயதில் அது எங்களுக்கு வேடிக்கை. வீட்டில் எது சொன்னாலும் "என்னது, என்னது" என்கிற அம்மா, பஸ்ஸில் எஞ்சின் உறுமும்போது எங்கள் இருவரையும் இரண்டு பக்கமும் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே வருவாள். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் நான் பஸ்ஸுக்கென்று சேர்த்து வைத்திருப்பேன். அப்புறம் பஸ்ஸிலும் கேட்காமல் போனது. அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு.

எனக்கு இந்தத் தை வந்தால் நாற்பத்தொன்று.

போதும். எழுத வேண்டாம்.

ஜூன் 26, வியாழன்

ஒரு அம்மாள் பெரிய வெண்கலப் பானை கேட்டாள். எடுத்து வைத்து, விரல்முட்டியால் தட்டி, "நல்ல நாதம்மா, பாருங்க" என்றேன். அண்ணன் ஓடி வந்தான். அடியில் கீறல் விட்ட பானையாம், திருப்பி அனுப்பத் தனியாக வைத்திருந்ததாம். சிரித்துச் சமாளித்து வேறு பானை எடுத்துக் கொடுத்தான்.

அவள் போனபின், "தட்டினதுமே தெரிஞ்சிருக்கணும்லா? ஒனக்கா தெரியல?" என்றான். கோபமில்லை. அவனுக்கு ஆச்சரியம். கடையில் கீறல் பானை கண்டுபிடிக்கிறவள் நான்தான்.

தூக்கம் வரவில்லை என்று சொன்னேன். பொய். தூக்கம் ஒன்றுதான் ஒழுங்காக வருகிறது. இடது பக்கம் மேலே இருக்கும்படி படுத்தால் உலகமே இல்லை.

ஜூன் 30, திங்கள்

ரெஹானிடம் கிட்டாரின் முதுகுப்பலகையைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன்.

"வேணாங்கா. தொண்ணூறு வர்சமா மூடினு கீது. ஒண்ணுமே இல்லாததுக்கு இன்னாத்துக்கு வயித்தக் கீறணும்? பலக ஒடைஞ்சா நான் பொறுப்பில்ல."

பெங்களூரில் ஒரு பெரிய ஆள் பார்த்தார், மூன்றாவது படி தளர்ந்திருக்கிறது என்று அவரே சொன்னார் என்றேன். அப்படி ஓர் ஆள் இல்லவே இல்லை. வாயில் சரளமாக வந்தது.

அவன் முகம் சுருங்கியது. அவன் வேலையை இன்னொருவன் குறை சொன்னான் என்று நினைத்துவிட்டான். "சரி, தொறந்துட்லாம்" என்றான்.

படி விட்டிருக்க வேண்டும். பிள்ளையாரே, ஒரே ஒரு படி.

ஜூலை 2, புதன்

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தான். மெல்லிய கத்தியைச் சூடாக்கி, பழைய வஜ்ஜிரப் பசையை இளக்கி, விளிம்போடு நூல் நூலாக நகர்ந்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற ஆம்பளை மாதிரி என்று அவனே கிண்டல் செய்தான். ஓர் இடத்தில் பலகை 'சடக்' என்றது. இரண்டு பேரும் மூச்சை நிறுத்தினோம். விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல்.

மதியம் முதுகு கழன்று வந்தது. உள்ளே செய்தவன் பென்சிலால் போட்ட கோடுகள்கூட அழியாமல் இருந்தன. ரெஹான் ஒவ்வொரு சட்டமாக அழுத்தினான், நெம்பினான், தட்டினான். எல்லாம் கெட்டி. மூன்றாவது படி கல்லு மாதிரி.

அவன் கத்தியைத் துடைத்து வைத்தான். "அந்த பெங்களூர்க்காரு பேரு இன்னாக்கா?"

நான் கீறலை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். அவன் திரும்பக் கேட்கவில்லை. "மூடி ஒட்டறதுக்கு ஒரு மாசம் ஆவும்" என்று மட்டும் சொன்னான்.

நல்லா இருந்த கிட்டார். நல்லா இருந்ததப் போயி கிழிச்சிட்டேனே. பாவி.

ஜூலை 5, சனி

ஒத்திகைக்கு வெங்கடரமணன் சார் யாரிடமோ ஒரு கிட்டார் வாங்கி வைத்திருந்தார். புத்தம்புதுசு, பெரிய வயிறு, அடிக்குரலுக்கென்றே செய்த சாதி. வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. மடியில் வைத்து, கட்டைவிரலால் தடித்த தந்தியை ஓர் அடி அடித்தேன்.

அதே பஞ்சு மூட்டை.

சார் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வெங்கலக் கடையில ஆனை புகுந்தாப்ல இருக்கு!" அவருக்கு அது இடி. எனக்கு ஒன்றுமே இல்லை. தலைவலி என்று கிளம்பிவிட்டேன்.

கிட்டார் இல்ல. நான்தான். நான்தான்.

ஜூலை 6, ஞாயிறு

பயமா இருக்கு. வேற ஒண்ணும் எழுத வரல.

ஜூலை 8, செவ்வாய்

அம்மாவிடம் இதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அவளுடையதுதான் எனக்கு வந்தது என்று தெரிந்தால் தாங்கமாட்டாள். பேச்சியம்மாள் என்று பேர் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறவள். காது மெஷின் அலமாரியில் கிடக்கிறது. "எல்லாஞ் சத்தமாத்தான் இருக்கு, ஒண்ணும் பேச்சா இல்ல" என்று கழற்றியவள், பத்து வருடமாகத் தொடவில்லை. கல்யாணத்துக்குப் போகமாட்டாள். கோவிலுக்குப் போனால் தூணோரம் நிற்பாள். எனக்குப் பயம் காது போவதில் மட்டும் இல்லை. அந்தத் தூணோரத்தில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பதில்.

இன்று காலை கிட்டார் இல்லாமல் கட்டில் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மா எழுந்து உட்கார்ந்து என் முகத்தைத் திருப்பினாள்.

"டாக்டர்ட்ட எப்பட்டி போவப் போற?"

எதற்கு என்றேன், வாயை மட்டும் அசைத்து.

"நீ என் வாயப் பாத்துப் பேச ஆரம்பிச்சு ஆறு மாசமாச்சு. நாந்தான ஒன் வாயப் பாக்கணும்? நீ எதுக்கு என் வாயப் பாக்க?" கட்டில் சட்டத்தைத் தட்டினாள். "இதுவும் ஆறு மாசமா அதிருது. முன்னால மெதுவா வரும், டொக்கு டொக்குன்னு. இப்பம் கட்டிலு ஒடையுத மாதிரி அடிக்க. எனக்கும் இப்பிடித்தாம்ட்டி. அம்மியில வச்சு நங்கு நங்குன்னு இடிப்பேன். ஒங்கப்பா வைவாவ."

அழுதேன். சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அம்மா அழவில்லை. எனக்குத் துணையாக வருகிறேன் என்றாள். வீட்டை விட்டு அவள் வெளியே வருகிறேன் என்று சொல்லி எத்தனை வருடம் ஆகிறது.

ஜூலை 10, வியாழன்

மயிலாப்பூரில் ஒரு காது டாக்டர். தட்டினால் அதிரும் இரண்டு முனை இரும்புக் கவையைக் காதுக்கு வெளியே பிடித்தார். இடது பக்கம் அநேகமாக ஒன்றுமில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். மண்டைக்குள் மணி அடித்தது போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது! பயத்தில் எழுந்தே விட்டேன்.

உள்ளே அரிசி மணியைவிடச் சின்ன எலும்பு ஒன்று இருக்கிறதாம். அது அசைந்தால்தான் கேட்கும். எனக்கு அது இறுகிக்கொண்டு வருகிறது. முதலில் அடிக்குரல்தான் போகுமாம். கடையிலும் பஸ்ஸிலும் நன்றாகக் கேட்பது இதன் அடையாளமாம், இரைச்சலில் எல்லோரும் குரலை உயர்த்திப் பேசுவதால். வலது பக்கமும் தொடங்கியிருக்கிறது. நான் கிட்டாருக்குள் தளர்ந்ததைத் தேடி ஒரு மாதம் அலைந்திருக்கிறேன்.

ஆபரேஷன் செய்யலாம். பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். நூற்றில் ஒருவருக்கு அந்தக் காது அடியோடு போய்விடலாம் என்றும் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அம்மா காலத்தில் இதை அவளிடம் யாரும் சொல்லவே இல்லை. அவளையும் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நாளாகிவிட்டது, நரம்பும் தளர்ந்திருக்கிறது, கத்தி வைத்துப் பெரிதாகப் பயனில்லை என்றார். அவளிடம் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுத் தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 14, திங்கள்

நூற்றில் ஒன்று. நூற்றில் ஒன்று. கடையில் தட்டு அடுக்கும்போதுகூட நூறாவது தட்டைத் தனியாகப் பார்க்கிறேன்.

ஜூலை 19, சனி

அடையாறுக்குப் போகவில்லை. வெங்கடரமணன் சாரிடம் உண்மையைச் சொன்னேன். போனில் நெடுநேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதா, காது போய்விட்டதா என்று தெரியாமல் "சார், சார்" என்று கத்தினேன். "இருக்கேன், இருக்கேன்" என்றார். அழுதிருக்கிறார் போல.

ரெஹானிடமும் சொன்னேன். பெங்களூர்க்காரன் பொய் என்பதையும். "அத வுடுக்கா. ஆனா ஒரு வார்த்த முன்னாடியே சொல்லிருந்தா நான் தொறந்தே இருக்க மாட்டேன்" என்றான். அது நியாயம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கிட்டார் வந்துவிட்டது. கீறலை உள்ளிருந்து ஒட்டியிருக்கிறான். உற்றுப் பார்த்தால் தெரியும். நான் உற்றுப் பார்க்கிறேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தேன். பஞ்சு மூட்டைதான். பிறகு டாக்டரின் இரும்புக் கவை ஞாபகம் வந்து, குனிந்து தாடையைக் கிட்டாரின் தோளில் அழுத்தி வைத்துக்கொண்டு கட்டைவிரலை அடித்தேன். வந்தது. காய்ந்த குரலில், முழுசாக, என் பல்லுக்குள். எத்தனை மாதம் ஆயிற்று! எவ்வளவு ஓங்கி அடித்துக்கொண்டிருந்தேன் என்றும் அப்போதுதான் தெரிந்தது.

நிமிர்ந்தால் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை நகர்ந்து வரச் சொல்லி, தாடையை நான் வைத்த இடத்திலேயே வைக்கச் செய்தேன். அவளுக்கு நரம்பும் போய்விட்டது, என்ன கேட்டுவிடப் போகிறது என்று நினைத்தபடிதான் ஆரம்பித்தேன். கட்டைவிரலை நடக்கவிட்டு, மேலே விரல்களால் சின்னதாக ஒரு பாட்டு.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் அசையவே இல்லை. பயந்து நிறுத்தினேன்.

"டொக்கு டொக்கு எனக்குத் தெரியும். கட்டில்ல பதினோரு வருசமா வருது" என்றாள். "அதுக்கு மேல ஒரு பாட்டு இருந்துச்சா? நீ சொல்லவே இல்லியேட்டி."

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டேன், இருபதாம் தேதி. பயம் அப்படியேதான் இருக்கிறது. அம்மா தாடையை எடுக்காமல், "ம், அடி" என்றாள். கட்டைவிரலை மெதுவாக வைத்து, முதலில் இருந்து வாசித்தேன்.