தும்பிக்கையை ஊன்றிய யானை

என் செல்ல அக்கா,

மேலே பிசைய மண் கிடைக்கிறதா? கிடைத்திருந்தால் தேவர்களின் பட்டு வேட்டியெல்லாம் இந்நேரம் பாழாகியிருக்குமே!

நீ பாடம் நடத்திய ஒன்றாம் வகுப்புச் சேதி கேள். புதிய தலைமையாசிரியர் வந்திருக்கிறார். அவர் சட்டையின் கஞ்சியை வடித்தால் காரைக்குடிக்கே பந்தி போடலாம். "பிள்ளைக செய்யிறதுல பெரியவுக கை வைக்கப்படாது" என்பாயே, அந்தச் சட்டம் போயிற்று. "கண்காட்சிக்குப் பார்வையா இருக்கணும், வீட்டுலயே செஞ்சு குடுத்துவிடுங்க" என்று பெற்றோருக்குக் கட்டளை.

அடடா, என்ன கண்காட்சி! ஐராவதமே நாணும்படி எனாமல் பூசிய களிமண் யானைகள். ஒன்றிலாவது ஒரு பிஞ்சு விரலின் தடம் உண்டா? உன் மகள் உமையாளின் யானையை மட்டும் மூலையில் தள்ளியிருந்தார்கள். கால்கள் நாலும் உரல். தும்பிக்கை தரையில்.

பரிசளிக்க வந்த பெரிய மனிதரின் வயிறு காரைவிட்டு இறங்கி வெகுநேரம் கழித்து அவர் இறங்கினார். இருந்ததிலேயே பகட்டான யானையைத் தூக்கி, அதைக் கொண்டுவந்த முத்துவிடம் கேட்டார்: "தும்பிக்கைய எப்படிப்பா நிக்க வச்ச?"

"எங்க அப்பச்சியத்தான் கேக்கணும். ஆள் வச்சுச் செஞ்சாக."

கூட்டமே சிரித்தது. பெரிய மனிதருக்கு வெட்கமாவது! அதற்கே முதல் பரிசு.

"ஏன் ஆத்தா, ஒன் யானை தரையக் கூட்டுதா?" என்று நான் உமையாளைச் சீண்டினேன்.

"தூக்கி வச்சேன் மாமா, ஒடிஞ்சிருச்சு. கால ஒல்லியா வச்சேன், உக்காந்துருச்சு. பெறகுதான் தும்பிக்கைய ஊண்டவிட்டேன்."

அந்த மேடையில் இருந்தவர்களில் யாராவது, தான் செய்தது ஏன் விழுந்தது என்று ஒருநாளாவது குனிந்து பார்த்திருப்பார்களா அக்கா?

மறுநாள் நீ வகுப்பில் வைத்திருந்த களிமண் தொட்டியைக் குப்பையில் கொட்டச் சொல்லிவிட்டார் கஞ்சிச் சக்கரவர்த்தி. ஓடிப்போய்க் கேட்டேன். "தாராளமாக் கொண்டு போங்க, பீடை ஒழிஞ்சது" என்றார். வண்டியில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுவந்து நம் கொல்லையில் இறக்கினேன். வந்ததும் உமையாள் தன் யானையைத் தண்ணீரில் அமுக்கினாள். தடுக்கக் கை நீட்டினேன்.

"ஊறட்டும் மாமா. இன்னொரு வாட்டி தூக்கி வச்சுப் பாக்குறேன்."

அந்த நேரம் பார்த்துக் கொல்லைப் படலுக்கு வெளியே ஒரு குரல். முதல் பரிசு முத்து!

"மாமா, எனக்கும் கொஞ்சம் மண்ணு தாரீகளா? அப்பச்சிகிட்டச் சொல்லிராதீக."

ஊரின் கண்மாயெல்லாம் வற்றினாலும் இந்தத் தொட்டியைக் காயவிட மாட்டேன் அக்கா. பிள்ளைகள் செய்வதிலும் கை வைக்க மாட்டேன். துறுதுறுத்தால் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

உன் வாயாடித் தம்பி,
உமையாளின் தாய்மாமன்