தீவுக்குப் போகும் சிறு விமானத்தை நிறுத்துவது குறித்து

அனுப்புநர்:
மறைந்த தலைமையாசிரியரின் மனைவி,
கடைசி வீடு, விமான நிலையச் சாலை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
விமானப் போக்குவரத்துத் துறை.

பொருள்: தீவு விமானச் சேவையைத் தொடரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தீவுச் சேவை அடுத்த மாதத்துடன் நிறுத்தப்படும் என்று விமான நிலையக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். நிறுவனம் சிறு விமானங்களை விற்றுவிட்டுப் பெரியவற்றை வாங்குகிறதாம். தீவின் ஓடுதளத்தில் அவை இறங்க முடியாது. அறிவிப்பில் 'பயன்பாடற்ற தடம்' என்று இருப்பது பிழை. மாதந்தோறும் நான் பயன்படுத்துகிறேன்.

2. தீவில் என் அக்கா தனியாக இருக்கிறார். அவருக்குக் காது அறவே கேட்காது. தொலைபேசியோ அழைப்பு மணியோ பயன்படாது. ஓடுதளத்தை ஒட்டிய வீடு என்பதால், விமானம் தாழ்ந்து வரும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். நான் வழக்கமாக வரும் நாளில் அதன்மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருப்பார். அதிர்ந்ததும் எழுந்து கதவைத் திறந்துவைத்து, தேநீருக்குத் தண்ணீரை அடுப்பில் ஏற்றுவார். நான் உள்ளே நுழையும்போது அது கொதித்துக்கொண்டிருக்கும்.

3. சிறு விமானத்தில் பயணிகளையும் எடை பார்த்தே ஏற்றுவார்கள். திரும்பும்போது எடை போடும் ஊழியர், "என்னம்மா, அக்கா சமையலா? ரெண்டு கிலோ ஏறியிருக்கே!" என்பார். நாலு பேர் நடுவில் அப்படிச் சொல்லலாகாது என்று கண்டித்திருக்கிறேன். ஆயினும் அவர் சொல்லாத அன்று எனக்கு ஏதோ குறையாக இருக்கும்.

4. மாற்றாகப் படகு உண்டு என்கிறது அறிவிப்பு. மழைக்காலத்தில் படகு ஓடாது. ஓடும் காலத்திலும் படகுக்குள் இறங்கும் ஏணியில் இறங்க என் முழங்கால் இடம் கொடாது.

5. அக்காவுடனேயே போய் இருக்கலாமே என்று தாங்கள் எண்ணக்கூடும். மூன்று நாளுக்கு மேல் எங்களுக்கு ஒரே சமையலறை ஒத்துவராது. நான் உப்பை அளந்து போடுபவள்; அவர் கை போனபடி போடுபவர். நாலாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். காது கேளாதவரிடம் பேசாமல் இருந்து கோபத்தைக் காட்டுவது எளிதன்று.

ஆகவே, வேறொரு சிறு நிறுவனம் இத்தடத்தை ஏற்கும்வரை வாரம் ஒரு நடையாவது விமானம் செல்ல ஆவன செய்யக் கோருகிறேன்.

அதுவும் இயலாதெனில், கடைசி விமானத்தில் எனக்கு ஓர் இருக்கை ஒதுக்கவும். வராத விமானத்துக்காக அவர் கண்ணாடியில் கைவைத்துக் காத்திருக்க நான் விடமாட்டேன். இம்முறை என் பெட்டி சற்றுக் கனமாக இருக்கும். போவதற்கு மட்டும் சீட்டுப் போதும்.

நாள்: ஆகஸ்ட் 4
இடம்: விமான நிலையச் சாலை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
தீவில் இருப்பவரின் தங்கை