வண்டியை விட்டு இறங்காதே

என் பிரியமான வேலு மாப்ளைக்கு,

‘நலம், உன் நலமறிய ஆவல்’ என்று கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது. அதை அடித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். வருகிற தை மாதத்தோடு நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

வண்டிக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். குவைத்தில் வேட்டைச் சாமான் விற்கும் கடை ஒன்றின் வாசலில் வண்டி நிற்கிறது. பாபா உள்ளே போய் ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பாபா என்றால் எங்கள் முதலாளி. வீட்டு டிரைவர்கள் இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். கேட்டை ஒட்டிய ஒரே ரூமில் நானும் நீயும் நாலு வருஷம் கிடந்தோம். நான் பாபாவுக்கு வண்டி ஓட்டினேன், நீ வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஓட்டினாய்.

உள்ளே போகும்போது என் கால் சைஸைக் கேட்டார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். எனக்குப் பனியில் போடுகிற பூட்ஸ் வாங்கப் போயிருக்கிறார், மாப்ள. இந்த வருஷம் மலைக்கு என்னைக் கூட்டிப்போகிறாராம்.

போன வருஷம் இது எப்படி ஆரம்பித்தது என்று ஞாபகம் இருக்கிறதா? பாபாவின் திவானியாவில், ஆண்கள் கூடி உட்கார்ந்து பேசுகிற அந்த வெளிக்கூடத்தில், ஒரு நண்பர் கதை சொன்னார். கசகஸ்தான் பக்கத்துப் பனிமலையில் தனி ஆளாக நாலு நாள் அலைந்து கொம்புமான் அடித்த கதை. வழிகாட்டி இல்லை, குதிரை இல்லை, தானும் துப்பாக்கியும் மட்டும்தான் என்றார். அன்றிலிருந்து பாபாவுக்கு வேறு பேச்சே இல்லை. தானும் தனியாகப் போகவேண்டும் என்று பிடிவாதமாகிவிட்டார்.

தனியாகப் போவதற்கு அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. கூடாரம், அடுப்பு, அரிசி, தூங்குகிற கம்பளிப் பை, தோட்டா எல்லாவற்றையும் யாராவது சுமக்க வேண்டுமே. முதலில் என்னைத்தான் கேட்டார். முட்டி வலி பாபா, வேலு வருவான் என்றேன். வலித்தது உண்மை. போக முடியாத அளவுக்கு வலிக்கவில்லை என்பதும் உண்மை.

நீ சந்தோஷமாகத்தான் போனாய். பாபாவின் மகன் போட்டுக் கழித்த பூட்ஸ் உனக்கு ஒரு சைஸ் பெரிது. முனையில் பேப்பரைத் திணித்துக்கொண்டாய். ஊரிலிருந்து உன் அக்கா அனுப்பிய மங்கி குல்லாவை ரூமுக்குள்ளேயே போட்டுப் பார்த்துச் சிரித்தாய். மலையடிவாரத்திலிருந்து நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நான் இன்னும் அழிக்கவில்லை.

“மச்சான், ஐஸ் பொட்டிக்குள்ள ஏறி ஒக்காந்த மாரி இருக்கு. மூக்கு இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிறேன். குதிரைக்காரரு இங்கன மரவூட்டுலயே தங்கிருவாராம். மேல நானும் பாபாவும் மட்டுந்தான். பாபா கேமராவுல தனியா வந்துருக்கேன்னு சொல்றாரு மச்சான். அப்ப நான் யாரு?”

கேட்டுவிட்டு நீயே சிரித்தாய். நானும் இங்கே சிரித்தேன்.

இப்போது அந்த வீடியோவை மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன். திவானியாவில் புது விருந்தாளி வந்தால் பெரிய டிவியில் போடுவார்கள். எதிர்ச் சுவரில் அந்த மானின் தலை. ஆள் கைவிரித்த அகலத்துக்குக் கொம்பு, கண்ணாடிக் கண். வாரம் ஒரு தடவை ஏணி போட்டு ஏறி அதன் கண்ணைத் துடைப்பது என் டூட்டி. டிவியில் பாபா வெள்ளை ஜாக்கெட்டில் பனிக்கு நடுவே நின்று, இந்த மலையில் நானும் என்னைப் படைத்தவனும் மட்டும்தான் என்கிறார். அவர் காலடியில், பனி மேல், நீளமாக ஒரு நிழல் விழுந்திருக்கிறது. தலையில் குல்லா, ஒரு பக்கம் தூக்கிய தோள், முகத்துக்கு நேரே உயர்த்திய இரண்டு கை. வெயில் உன் முதுகுப்பக்கம் இருந்திருக்கிறது. கடைசியில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்கிறது.

ஒரு நாள் ஒரு பெரியவர் கேட்டேவிட்டார், தனியாகப் போனாய் சரி, படம் பிடித்தது யார் என்று. “ஸ்டாண்டு,” என்றார் பாபா. பெரியவர் டிவியைப் பார்த்தார். பிறகு தேநீர்த் தட்டோடு நின்ற என்னைப் பார்த்தார். நான் அவர் கோப்பையை நிரப்பினேன். நிரப்பிவிட்டுச் சர்க்கரை வேண்டுமா என்றும் கேட்டேன், மாப்ள. எனக்கு வெட்கமே இல்லை.

அந்த வீடியோ எடுத்த அன்றைக்கு மத்தியானம்தான் பாபா மானைச் சுட்டார். குண்டு சரியாகப் படவில்லை. பனியில் ரத்தம் சொட்ட அது மேட்டைத் தாண்டி ஓடியது. துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனார். போகும்போது உன்னிடம் சொன்னது நாலே சொல்.

“இன்தா ஹினி. மாஃபி ரூ.”

நீ இங்கேயே இரு, போகாதே. கடை வாசலில், ஏர்போர்ட்டில், கல்யாண மண்டபத்தில் தினமும் அவர் நம்மிடம் சொல்வதுதான். இதோ, இப்போது என்னிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் கடைக்குள் போயிருக்கிறார்.

மான் மறுபக்கச் சரிவில் விழுந்தது. வெடிச் சத்தம் கேட்டுக் குதிரைக்காரர் அந்தப் பக்கமாக வந்தார். இருவரும் அதைக் குதிரையில் ஏற்றி, அந்த வழியாகவே மரவீட்டுக்கு இறங்கிவிட்டார்கள். பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. உங்கள் ஆள் எங்கே என்று குதிரைக்காரர் கேட்டாராம். வந்துவிடுவான் என்றாராம் பாபா. விடிந்ததும் குதிரைக்காரர் ஏறிப் பார்த்தபோது, சொன்ன இடத்திலேயே, மூட்டைகளுக்கு நடுவில் நீ உட்கார்ந்திருந்தாய். கம்பளிப் பை கட்டுப் பிரிக்காமல் உன் பக்கத்திலேயே கிடந்தது. அது பாபாவின் சாமான் என்று நீ தொடவில்லை.

இதையெல்லாம் பாபாவேதான் என்னிடம் அழுதுகொண்டே சொன்னார். அவரை அரக்கன் என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும். ஆனால் உன் உடலை ஊருக்கு அனுப்புகிற அத்தனை வேலையையும் அவரே ஓடிப் பார்த்தார். ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அங்கிருந்து பார்த்தால் மரவீட்டுப் புகை தெரியும், இறங்க ஒரு மணி நேரம்கூட ஆகாது, வழியெல்லாம் அவன் ஏறிவந்த அடித்தடம் இருந்தது, ஏன் இறங்கவில்லை? அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. குதிரைக்காரருக்கும் புரியவில்லையாம்.

எனக்குப் புரிந்தது. கேட்ட அந்த நிமிஷமே புரிந்தது.

நீ வந்த முதல் வருஷம், வீட்டம்மாவை பியூட்டி பார்லர் வாசலில் இறக்கிவிட்டு, ஐந்து நிமிஷம் தேநீர் குடிக்கப் போனாய். அவர்கள் சீக்கிரமே வெளியே வந்து வெயிலில் நின்றுவிட்டார்கள். பாபா வீட்டு வாசலில் நின்று கத்தினார், கலாஸ், போதும், இவனை நாளைக்கே ஊருக்கு அனுப்பு என்று. நான் ஓடிவந்து, அவர் கண் முன்னால், உன்னை அறைந்தேன். இரண்டு அறை. முப்பது வயதான மனுஷனை, பெண்டாட்டியின் கூடப் பிறந்தவனை. பாபாவின் கோபம் அதோடு தணிந்துவிட்டது. உன் வேலை தப்பியது.

ரூமுக்கு வந்து நான் சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. “வண்டிய வுட்டு எறங்காத. எங்க நிக்கச் சொல்றாங்களோ அங்கயே நில்லு. நாலு மணி நேரமானாலும் நில்லு. ஒண்ணுக்கு முட்டுனாலும் அடக்கிக்கிட்டு நில்லு. செத்தாலும் அங்கயே சாவு.”

“சரி மச்சான்,” என்றாய். கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னாய்.

அதற்குப் பிறகு நீ நகரவே இல்லை. ஆகஸ்ட் வெயிலில் ஏசி கெட்டுப்போன வண்டிக்குள் நாலு மணி நேரம் உட்கார்ந்து மயங்கி விழுந்தாயே, அப்போதுகூடக் கதவைத் திறக்கவில்லை. நான் அதைப் பெருமையாக மற்ற டிரைவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நின்னா இவன மாரி நிக்கணும்டா என்றேன். அந்த மலையில் எத்தனை தடவை அந்தப் புகையைப் பார்த்தாய், வேலு? எழுந்து போகலாம் என்று ஒரு தடவையாவது தோன்றியதா? தோன்றியபோது கன்னம் எரிந்ததா?

உன் அக்கா தனத்திடம் இதில் எதையும் நான் சொல்லவில்லை. பாபாவோடு போன இடத்தில், ஓட்டல் ரூமில், தூக்கத்தில் மாரடைப்பு என்றேன். குளிரில் கஷ்டப்பட்டானா என்று கேட்டாள். ஹீட்டர் போட்டுக் கதகதவென்று இருந்தது என்றேன். உன்னோடு நானும் ஊருக்கு வந்திருந்தேன். குளிப்பாட்டும்போது உன் கால் விரல்களைப் பார்த்துவிட்டு, ஏன் கறுத்திருக்கிறது என்று உன் அம்மா கேட்டார்கள். ஐஸ் பெட்டியில் வைத்ததால் என்று சொன்னேன். அம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார்கள்.



பாபா என்னை மலைக்குக் கூப்பிட்டதை இன்று காலை தனத்திடம் போனில் சொன்னேன். ஐயோ வேண்டாம் என்று சொல்வாள், அதைச் சாக்காக வைத்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“போயிட்டு வாங்க. எந்தம்பி நிம்மதியா கண்ண மூடுன ஊரு. அந்த ஓட்டல் வாசல்ல என் பேரச் சொல்லி ரெண்டு பூவப் போட்டுட்டு வாங்க. மேலுக்கு நல்லாப் போட்டுக்கிட்டுப் போங்க.”

நான் சொன்ன பொய்யைத்தான் அவள் இந்த ஒரு வருஷமாகப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். அதே பொய்யை நம்பிப் புருஷனையும் அங்கே அனுப்பப் பார்க்கிறாள். அதனால்தான் இதை எழுத ஆரம்பித்தேன். இதுவரை எழுதியதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அவளுக்கு இப்போதே அனுப்பப் போகிறேன். பாபா வெளியே வருவதற்குள் அனுப்பாவிட்டால் இந்த ஜென்மத்தில் அனுப்பமாட்டேன்.

அனுப்பிவிட்டேன், மாப்ள.

படித்துவிட்டாள். இரண்டு தடவை போன் பண்ணினேன், எடுக்கவில்லை. பிறகு ஒரே ஒரு வரி வந்தது.

“எந்தக் கையால அடிச்சீங்க?”

வலது கை என்று எழுதினேன். அதே கையால்தான் அதை எழுதவும் வேண்டியிருந்தது. அவள் கழுத்தில் தாலி கட்டியதும், உன் வாயில் அரிசி போட்டதும் அந்தக் கைதான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது.

“வந்து எங்கம்மா முன்னாடி நின்னு சொல்லுங்க. சொல்ற வரைக்கும் எங்கிட்டப் பேசாதீங்க.”

ஆறுதலாக ஒரு சொல் வரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் இவ்வளவு வலிக்கிறது? நீ அந்தப் பனியில் எதையெல்லாம் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாயோ.

சத்தியமாகச் சொல்கிறேன் வேலு, அந்த பூட்ஸை என் காலில் மாட்டமாட்டேன். பாஸ்போர்ட் பாபாவின் அலமாரியில் இருக்கிறது. இப்போதே கடைக்குள் போய், மலைக்கு மாஃபி, வரமாட்டேன், ஊருக்குப் போகணும் என்று கேட்பேன். வீடியோவில் இருக்கும் நிழலுக்கு ஒரு பெயர் உண்டு என்பதையும் சொல்வேன். கத்தினால் கத்தட்டும், கடைக்காரர்கள் முன்னால் என்னை அறைந்தாலும் அறையட்டும். பிறகு உன் அம்மா முன்னால் போய் நின்று, உங்கள் மகனை நிற்கவைத்தவன் நான்தான் என்று என் வாயால் சொல்வேன். அவர்கள் அடித்தால் கன்னத்தைத் திருப்பமாட்டேன்.

இந்த வரியைக் காரின் மேல் நோட்டை வைத்து, வெளியே நின்றுகொண்டு எழுதுகிறேன். இங்கேயே இரு என்று சொன்ன வண்டியை விட்டு இறங்கிவிட்டேன். ஒன்றுமே ஆகவில்லை. கதவைத் திறந்து காலைக் கீழே வைக்க ஒரு மூச்சு நேரம்கூடப் பிடிக்கவில்லை, மாப்ள.

உன்னை அறைந்து நிற்கப் பழக்கிய,
உன் அக்கா புருஷன்,
கோவிந்தராசு