சின்னவன் உடம்பில் அளந்த சட்டை

அன்புள்ள பெரியவனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நீயும் நலமாகத்தான் இருப்பாய், உன் செய்தி வந்ததிலிருந்து என் நெஞ்சு மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. உன் விண்கப்பல் வேகம் அடங்கி நிலையத்தில் நிற்கிறது, இப்போதைக்கு உன் நாளும் எங்கள் நாளும் ஒன்றாகத்தான் ஓடுகின்றன என்று உன் தம்பி சொன்னான். அந்தத் தெம்பில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ பறந்துகொண்டிருந்தபோது நீ ஒரு தடவை முடி வெட்டிக்கொள்வதற்குள் நான் ஐந்து தடவை வெட்டிக்கொண்டேன், இப்போது வெட்டவும் ஒன்றும் மிச்சமில்லை.

கடை நடக்கிறது. பழைய தையல் மிஷின் முனகுகிறது, நானும் முனகுகிறேன், இரண்டில் எது முதலில் நிற்கும் என்று உன் அம்மா கேலி செய்கிறாள். ஊசியில் நூல் கோர்க்க இப்போதெல்லாம் சின்னவனின் மகள்தான் வரவேண்டியிருக்கிறது. நீ போனபோது தொட்டிலில் கிடந்தவள், இன்று என் தோளுக்கு மேல் நிற்கிறாள். அம்மாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதயம் களைத்துப்போயிருக்கிறது, மாத்திரையை விடாமல் போடுங்கள், அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். எத்தனை வருடம் என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உனக்கு எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள், எழுதிவிட்டேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

நீ வருகிறாய் என்றதும் உனக்கு ஒரு சட்டை தைக்க நினைத்தேன். நீங்கள் இரட்டைப் பிள்ளைகள், நர்ஸ் கை கழுவி வரும் நேரம்தான் உங்களுக்குள் இடைவெளி, சின்ன வயதிலிருந்தே ஒருவனை நிறுத்தி அளந்து இரண்டு பேருக்கும் துணி வெட்டியே எனக்குப் பழக்கம். அதே பழக்கத்தில் சின்னவனைக் கூப்பிட்டு அளந்தேன், வெட்டினேன், முக்கால்வாசி தைத்தும் விட்டேன். அந்த வேகத்தில் நீ மூன்று வருடப் பயணம் போனால் இங்கே பதினைந்து வருடம் ஓடிவிடும் என்று அந்தக் காலத்திலேயே படம் போட்டுக் காட்டினாய், நானும் பெரிதாகத் தலையை ஆட்டினேன். தலைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. சின்னவன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டிக் கண்ணாடி முன்னால் நின்றான், தொப்பையும் உச்சி வழுக்கையும் நரைத்த பிடரியுமாக. அப்போது அம்மா உள்ளே வந்து அவன் தோளைத் தொட்டு, "என்னங்க, தச்சது போதும், வந்து உங்க மாத்திரையப் போடுங்க" என்றாள். அவன் திரும்பினான். நான் மூலையில் கத்தரிக்கோலோடு நிற்கிறேன். மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, பெரியவன் வந்தால் இவனை யாரென்று நினைப்பான் என்று மெதுவாகக் கேட்டாள். சின்னவன் சட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

அன்றைக்கு மறுநாள்தான் உன் செய்தி வந்தது. இரண்டாவது சுற்றுக்கு ஆள் கேட்கிறார்கள், ஊருக்கு இறங்காமல் அங்கிருந்தே கிளம்பவேண்டுமாம், நாலே வருடம்தான் அப்பா, கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுவேன் என்கிறாய். உன் கண் மூடித் திறக்கும், எங்கள் கண் திறக்க வேண்டுமே. உனக்கு நாலு என்றால் எங்களுக்கு இருபது. எனக்குப் பயமாக இருக்கிறது. சாவுக்குப் பயந்து எழுதவில்லை, வயதானவன் போகத்தான் வேண்டும். நீ வந்து இறங்கும் இடத்தில் உனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் நீ திருதிருவென்று நிற்பாயே, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. பெரிய வேலை, நீ ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை, தடுக்க எனக்கு வாய் வரவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வாய் வருகிறது. போகாதே, வந்துவிடு.

நீ போகும்போது கழற்றிப் போட்ட சட்டை அலமாரியில் இருந்தது, அதை அளந்து புதுச் சட்டையைப் பிடித்துத் தைத்து மாட்டிவைத்திருக்கிறேன். உள்பக்கம் மிஞ்சிய துணியை வெட்டவில்லை, மடித்து விட்டிருக்கிறேன். நீ இங்கேயே இருந்து எங்கள் கண் முன்னால் தொப்பை போடவேண்டும், நான் பிரித்துவிடவேண்டும் என்று ஓர் ஆசை.

நேரத்துக்குச் சாப்பிடு, முதுகை வளைத்து உட்காராதே. எந்த முடிவு எடுத்தாலும் எங்கள் ஆசி உன்னோடுதான் இருக்கும், நீ நன்றாக இருக்கவேண்டும். போய்த்தான் ஆகவேண்டும் என்றால் ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ திரும்பி வரும் நாளில் வாசலில் ஒரு கிழவர் நிற்பார், என் மூக்கு, என் வழுக்கை, என் நடை. ஓடிப்போய் அப்பா என்று கட்டிக்கொள்ளாதே, அவன் தாங்கமாட்டான். அது உன் தம்பி.

இப்படிக்கு,
இன்றைக்கு வாசலில் நிற்கும்
உன் அப்பா