வரதனின் கெண்டைக்கால்

திருநின்றவூர்,
8.1.1989

அன்பும் அறிவும் அழகும் (மூன்றாவது மாமன் வழியில் வந்தது) நிறைந்த டாக்டர் சாமுண்டீஸ்வரிக்கு,

மாமன் சம்பத் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை பத்மாவும் நலம். தஞ்சாவூர் ஹாஸ்டல் சாம்பார் உன்னை இன்னும் உயிரோடு விட்டு வைத்திருக்கிறதா என்று பதில் போடு.

இப்போது உனக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். இதை நம்புகிறவன் இன்னும் பிறக்கவில்லை. நீயும் நம்பாதே. நம்பினால் எனக்குத்தான் அவமானம்.

எங்கள் பட்டறையில் வரதன் என்று ஒரு லேத் ஆபரேட்டர். யானைக்குத் தம்பி மாதிரி ஆள். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குள் இருக்கும் பட்டறைக்கு நடந்து வருவான். பாஸ்கரன் சைக்கிள் கடை வரைக்கும் ராஜநடை. அங்கே வந்ததும் வலது கெண்டைக்காலை ஒரு பூதம் பிடித்துக்கொண்டு துணி பிழிகிற மாதிரி முறுக்குகிறது. நின்றுவிடுகிறான். சற்று நின்றால் பூதம் விட்டுவிடுகிறது. மறுபடி ராஜநடை. பூங்காவனம் இட்லிக் கடை வந்ததும் மறுபடி பூதம்.

நொண்டி என்று பேர் வந்துவிடக் கூடாதே! நிற்கிற இடத்தில் எல்லாம் சினிமா போஸ்டரைப் பார்க்கிற மாதிரி நிற்கிறான். பாஸ்கரன் கேட்டேவிட்டான்: "இன்னா அண்ணாத்தே, தெனம் அதே போஸ்டரைப் பாத்துகினு கீறியே, நீ இன்னா படத்தோட டைரக்டரா?" பூங்காவனத்தம்மாவுக்கு வேறு வருத்தம். "என் கடை வாசல்லயே நிக்கிறே நைனா, ஒரு இட்லி துன்றியா? வாசனை புடிச்சே வயிறு ரொம்பிடுதா?"

ஸ்டேஷன் வாசலில் படுத்திருக்கிற செவலை நாய் ஒன்று இவன் பின்னாலேயே வருகிறது. இவன் நின்றால் நிற்கிறது, நடந்தால் நடக்கிறது, போஸ்டர் பார்த்தால் அதுவும் பார்க்கிறது. போன வாரம் படம் தேறாது என்று தலையை ஆட்டியது.

கால் எப்படி இருக்கிறது என்கிறாயா? பூசணிக்காயாக வீங்கி, தொடையிலிருந்து கணுக்கால் வரை நரம்பெல்லாம் பச்சைப் பாம்பாகச் சுருண்டு புடைத்துக் கிடக்கிறது. அவை நெளிகிற சத்தத்தில் ஆவடிவரை யாருக்கும் தூக்கம் இல்லை.

புத்தகத்தைப் பார்த்து ஒரு வழி சொல். டாக்டரிடம் போக மாட்டான். போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று பயம். அவனுக்கு. எனக்கென்ன?

இப்படிக்கு,
மாமன் சம்பத்


தஞ்சாவூர்,
17.1.1989

அன்புள்ள மாமாவுக்கு,

சாமுண்டி எழுதியது. கவரில் "டாக்டர்" என்று போடாதீர்கள், வார்டன் சிரிக்கிறார். நான் இரண்டாம் வருஷம். இதுவரை பிணத்தைத்தான் அறுத்திருக்கிறேன். உயிருள்ள ஒருவர் காலைத் தொட்டுப் பார்த்ததில்லை.

வரதன் அவர்களுக்கு வந்திருப்பது சிரைகளில் வருகிற கோளாறு என்று நினைக்கிறேன். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டு போவது தமனி. தடித்த தசைச் சுவர், ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்கும். அது கிளை கிளையாகப் பிரிந்து, மயிரைவிட மெல்லிய தந்துகிகளாகி, தசைக்கு உணவைக் கொடுத்துவிடும். அங்கிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டு வருவது சிரை. அதன் சுவர் மெல்லியது, தள்ளும் பலம் கிடையாது. காலிலிருந்து மேலே ஏற வேண்டுமே என்று உள்ளே சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. இதயத்தின் பக்கம் மட்டுமே திறக்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றும், கதவு மூடிக்கொள்ளும். நாள் முழுக்க லேத் முன்னால் நிற்பவர்களுக்குக் கதவு பழுதாகி, ரத்தம் கீழே தேங்கும். வீக்கமும் புடைப்பும் அதனால்தான்.

படுக்கும்போது காலுக்கு அடியில் மூன்று தலையணை வைத்து உயர்த்தச் சொல்லுங்கள். பகலில் மருந்துக் கடையில் விற்கிற, இழுத்தால் நீளும் கட்டுத்துணியால் பாதத்திலிருந்து முழங்கால் வரை இறுக்கிக் கட்டட்டும். கால் போகிற வியாதி இல்லை, பயப்பட வேண்டாம்.

ஒன்றுதான் இடிக்கிறது. நின்றால் வலி போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வியாதிக்கு நின்றால் வலி அதிகமாக வேண்டும். நாய் போஸ்டர் பார்த்ததுபோல இதுவும் உங்கள் கைச்சரக்கு என்று விட்டுவிட்டேன்.

அன்புடன்,
சாமுண்டி


திருநின்றவூர்,
2.2.1989

தன்வந்திரிக்குத் தங்கையான மருமகளுக்கு,

உன் வைத்தியம் அமோகமாக நடக்கிறது. வரதன் காலில் கட்டியிருக்கிற கட்டு, பாலம் கட்டுகிறவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய கட்டு. தலையணை மூன்று போதாது என்று நான்காவதாக மடித்த ஜமுக்காளம். கால் கூரையை முட்டுகிறது, பல்லி விசாரித்துவிட்டுப் போகிறது.

ஒரு சின்ன விஷயம். முன்பு நடந்தால்தான் பூதம் வந்தது, இப்போது படுத்தாலும் வருகிறது. பாதம் சில்லிட்டுப் போய், ஐஸ் கம்பெனிக்காரன் வாடகைக்குக் கேட்கிறான். சுண்டுவிரல் நாவல்பழக் கலர். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் கொஞ்சம் சுகமாக இருக்கிறதாம். ஆனாலும் "படிச்ச புள்ள சொல்லிக்கீது" என்று உடனே தலையணைமேல் ஏற்றிவிடுகிறான். அவ்வளவு மரியாதை உன்மேல்.

கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொல்லட்டுமா?

மாமன் சம்பத்


தஞ்சாவூர்,
6.2.1989

மாமா,

கட்டை உடனே அவிழ்க்கச் சொல்லுங்கள். தலையணையை எடுத்துவிடுங்கள். காலைத் தொங்கவிடட்டும். ஒத்தடம், வெந்நீர் எதுவும் வேண்டாம். பீடி பிடித்தால் ரத்தக்குழாய் இன்னும் சுருங்கும், அது இந்த நிமிஷமே நிற்க வேண்டும்.

நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். இது சிரை இல்லை, தமனி. ரத்தம் திரும்ப முடியாமல் தேங்கவில்லை, காலுக்குப் போதுமான அளவு வந்தே சேரவில்லை. குழாய் உள்ளே குறுகி அடைத்திருக்கிறது. நடந்தால் தசைக்கு ரத்தம் போதாமல் வலிக்கும். நின்றால் தேவை குறைந்து வலி போகும். நீங்கள் எழுதியது அப்படியே சரி. வருகிற கொஞ்ச ரத்தத்தையும் நான் மேட்டில் ஏறச் சொல்லி, கயிறு போட்டு இறுக்கியிருக்கிறேன்.

பொங்கலுக்கு அம்மா உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போய் எனக்கு எழுதியிருந்தாள்: "உன் மாமன் ஸ்டேஷனுக்கு வழியனுப்பக்கூட வரல." அக்காவை வழியனுப்ப வராத சம்பத் மாமாவை எனக்குத் தெரியாது.

மாமா, வரதன் யார்?

பாதத்தின் மேல்பக்கம், கட்டைவிரலுக்கு நேர் மேலே, நடுவில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். துடிக்க வேண்டும். துடிக்கிறதா என்று மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

சாமுண்டி


திருநின்றவூர்,
9.2.1989

சாமுண்டி,

இடது காலில் துடிக்கிறது. வலது காலில் இல்லை.

நம்பாமல் உன் அத்தையிடம் விரல் வைத்துத் தேடச் சொன்னேன். "இன்னாத்தைத் தேடுறது? மோதிரம் கீதிரம் உழுந்துடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே தேடினாள். பிறகு சிரிக்கவில்லை. இரண்டு காலையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

பட்டறையில் வரதன் என்று யாரும் கிடையாது. வீக்கமும் பச்சைப் பாம்பும் எதிர் வீட்டுப் புஷ்பாவுடையவை. நடந்தால் வலிக்கிறது, நின்றால் போகிறது என்று வெறுமனே எழுதினால் அது ஒரு கதையா? அதனால் அவள் காலை எடுத்து என் காலில் ஒட்டினேன்.

பீடிக் கட்டைக் கிணற்றில் போட்டுவிட்டேன். சுண்டுவிரல் இப்போது நாவல்பழம் இல்லை, கரி.

எனக்கு ஆஸ்பத்திரி வாசல்வரை போக பயமாக இருக்கிறது. நீ வா.

மாமா


தஞ்சாவூர்,
20.4.1989

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதாக அம்மா எழுதினாள். கால் தப்பியது. சுண்டுவிரல் போய்விட்டது. அதைத் தினம் நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெரிய டாக்டர் கட்டின் தழும்பைப் பார்த்துவிட்டு, "காலைத் தூக்கி வைச்சுக் கட்டச் சொன்ன மடையன் யார்?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நீங்கள்தான், "எலெக்ட்ரிக் ட்ரெயின்ல ஒரு ஆளு சொன்னான் சார், திருவள்ளூர்ல எறங்கிட்டான்" என்றீர்கள். நீங்கள் சொன்ன பொய்களில் அந்த ஒன்றை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

பரீட்சை எழுதப் போவதில்லை. பெட்டி கட்டிவிட்டேன். ஒருவர் தன் வலியைச் சொல்லும்போது எது நிஜம் எது கதை என்று பிரிக்கத் தெரியாதவளுக்கு இந்தப் படிப்பு எதற்கு?

என்னை மன்னித்துவிடுங்கள்.

சாமுண்டி


திருநின்றவூர்,
25.4.1989

அன்பு மருமகளுக்கு,

உன் மாமன் எழுதிக்கொள்வது. நேற்றிலிருந்து வேலைக்குப் போகிறேன். நான் நடக்கிற வேகத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் வழிவிட்டு ஓரமாக நிற்கிறது. எஸ்டேட்டில் என்னைப் பார்த்துவிட்டு லாரிகள் கியர் மாற்றுகின்றன.

சர்ஜன் என்ன செய்தார் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் என் வாயால் கேள். என் தொடையிலிருந்தே ஒரு சிரையை எடுத்து, அடைத்த தமனிக்குப் பக்கத்தில் புறவழிச் சாலையாகத் தைத்தார். அப்படியே தைக்கவில்லை, தலைகீழாகத் திருப்பித் தைத்தார். தையல் பிரிக்கிற அன்று சொன்னார்: "கதவெல்லாம் இதயத்துப் பக்கம்தான் திறக்கும். ரத்தம் இனிமே கீழே போகணும் இல்லையா, அதான் திருப்பிட்டோம்." நான் விடுவேனா? "தெரியும் சார், என் மருமக ஜனவரியிலேயே எழுதிட்டா" என்றேன். அசந்துபோய்விட்டார். மூக்குக்கண்ணாடி தானாகக் கழன்று விழுந்தது.

உன் லெட்டரில் ஒரு வரி தப்பில்லை. புஷ்பா காலுக்கு அது முதல்தரமான வைத்தியம். நான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது மூன்று தலையணையோடு மகாராணி மாதிரி படுத்திருக்கிறாள், வீக்கம் பாதி குறைந்துவிட்டது. நீ தப்பாகச் சொன்னது வரதனுக்கு. அவன் பிறக்கவே இல்லை.

அதிலும், இவன் அளப்பதில் ஒன்று இடிக்கிறதே என்று நீ எழுதினாய். இந்த மாமனின் பேச்சில் இதுவரை யாருக்கும் எதுவும் இடித்ததில்லை. அடுத்த தடவை இடிக்கும்போது விட்டுவிடாமல் பிடித்துக்கொள். 'மடையன் யார்' என்று கேட்ட அந்தச் சர்ஜனுக்கும் இப்படித் தப்பாகச் சொன்ன தலையணை ஒன்று எங்கேயோ இருக்கும், கேட்டுப் பார்.

என் காலில் அந்தக் குழாய் ஒழுங்காக ஓடுகிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவை விரல் வைத்துப் பார்க்க ஆள் வேண்டும். உன் அத்தை பார்க்கிறாள்தான். ஆனால் அவள் தொட்டுப் பார்த்துவிட்டு அழுகிறாள், கணக்குத் தவறிவிடுகிறது. பெட்டியைப் பிரித்து வை. பரீட்சையை எழுது.

பூதம் பொய், பூசணிக்காய் பொய், பாம்பு பொய், ட்ரெயினில் வந்த ஆள் பொய். வரதனைப் பற்றி முதல் லெட்டரில் எழுதியதில் வலியை விட்டால் ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அந்த நாய். நேற்றும் பட்டரவாக்கத்தில் இறங்கியதும் பின்னால் வந்தது. எனக்கு வலி இல்லையா, சைக்கிள் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் அது வரவில்லை. கடை வாசலில் நின்று போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

திரும்பிப் போய், கொஞ்ச நேரம் அதன்கூட நின்றுவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
மாமன் சம்பத்