பிணைக் கையெழுத்து

1996 ஆகஸ்ட் 1, வியாழன்

ஹென்டர்சனில் வேலை முடித்து வந்தபோது மேசையில் வங்கிப் பத்திரங்கள். "செவ்வாய்க்கிழமை கையெழுத்து வைக்கவேணும், லீவு கேள்" என்று சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போனார். வாசித்தேன். வாங்கப்போகும் ஹில்ஸ்பரோ வீடு அண்ணா கௌசிகனின் பெயரில். நான் கடனுக்குப் பிணை மட்டும். முற்பணம் என் மூன்று வருடச் சம்பளம். உன் கல்யாணத்துக்குச் சேர்க்கிறேன் என்று அப்பா சொன்ன காசு!

அண்ணாவுக்குப் பதினாறு வயதில் அப்பா அவனை வங்கிக்குக் கூட்டிப்போய் வட்டிக்கணக்குப் படிப்பித்தார். தன் கிளீனிங் சம்பளத்தையும் அப்பாவிடமே கொடுக்கும் அம்மா எனக்குப் படிப்பித்தது ஒன்றுதான்: "சம்பளத்தை அப்பிடியே அப்பாட்டக் குடு. பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் காசுக்கதை?"

ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டின் ஏலம் நாளைமறுநாள். இப்போது கேட்டால் தப்பிவிடுவார்கள். வாங்கட்டும்.

ஆகஸ்ட் 2

மதிய இடைவேளையில் வேறு வங்கியில் கணக்குத் திறந்தேன். இனிச் சம்பளம் அங்கே.

ஆகஸ்ட் 3, சனி

வீடு எங்களுக்கே விழுந்தது. எங்களுக்கா? ஒருவன் விடாமல் விலையை ஏற்றினான். அண்ணாவும் கையை இறக்கவில்லை. அப்பா முற்பணச் செக்கைக் கொடுத்தார். இனிப் பின்வாங்கினால் அந்தக் காசு திரும்பாது. என் காசுதான் — போகட்டும். அவர்களுடைய முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கவேணும் எனக்கு.

வழியில் அப்பா எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். முழுவதும் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பிணை என்றால் என்னவென்று விளங்குகிறதா என வங்கிக்காரி என்னைக் கேட்டாள். நன்றாக விளங்குகிறது, அதனால்தான் வைக்கமாட்டேன் என்றேன். இவளுடைய சம்பளம் இல்லாமல் கடன் கிடைக்காது என்றாள்.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "வித்தியா, வெள்ளைக்காரிக்கு முன்னால மானத்தை வாங்காதை."

"பாதி வீட்டை என்ர பேரில எழுதுங்கோ. வைக்கிறன்."

"கட்டிக்கொண்டு போறவளுக்கு வீடு ஏன்?" என்றான் அண்ணா.

"கட்டிக்கொண்டு போறவளின்ர சம்பளம் மட்டும் ஏன்?"

கையெழுத்து வைக்காமலே எழுந்து வந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இது சந்தோஷமா? ஓம். சந்தோஷம்தான்.

ஆகஸ்ட் 11

அம்மா அழுகிறா. "நான் பெத்த பிள்ளையா நீ?" எண்டு கேக்கிறா. நீங்கள்தானே அம்மா என்னைத் தூக்கி அவையளின்ர கையில குடுத்தது! மூண்டு வருசம்! ஒருக்காலாவது கேட்டனீங்களா, எங்க அவளின்ர காசு எண்டு?

வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19

அப்பா தெரிந்தவர்களிடமெல்லாம் கடன் கேட்டுவிட்டார். பிளாக்ஹவுஸ் பேயில் இருக்கும் திருநாவுக்கரசு மாமாவும் கையை விரித்துவிட்டார். காசு கட்ட இன்னும் பதினொரு நாள். நான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன், நன்றாக நித்திரை கொள்கிறேன்.

ஆகஸ்ட் 27

சட்டத்தரணியின் அலுவலகம். பாதி என் பெயரில். அண்ணா அழுத்திய அழுத்தில் பேனை தாளைக் கிழித்தது. அதன் பிறகே நான் கையெழுத்து வைத்தேன். முழுப்பெயரையும் ஆறுதலாக எழுதினேன். எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

அக்டோபர் 12, சனி

புது வீடு. அப்பா இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். அம்மா பக்கத்தில் வந்தா. "திங்கக்கிழமை என்னை உன்ர வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போறியா?"

"ஏன்?" தெரிந்தேதான் கேட்டேன்.

அப்பாவின் சட்டையை உதறிக் கொடியில் போட்டா. "என்ர கிளீனிங் சம்பளத்துக்கு. என்ர பேரில மட்டும்."

இன்னொரு தரம் கேட்க வைக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"ஒன்பதுக்குத் திறப்பாங்கள்," என்றேன். "பாஸ்போட்டை மறக்காமல் எடுங்கோ."