பிஸ்கட் தகரத்துக் கோப்பிக்கொட்டை

முள்ளியவளை,
22.11.1998

என் அன்பான கோப்பிக்காரிக்கு,

உன் மீன்காரி மரியமலர் எழுதுவது. நீயும் லாபிர் நானாவும் பிள்ளைகளும் எங்கே இருந்தாலும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். புத்தளத்தில் எந்த முகாம் என்று தெரியாது. வவுனியாவுக்குப் பாஸ் கிடைத்துப் போகிற கனகலிங்கம் அண்ணரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உறையில் ‘முல்லைத்தீவுக் கருவாட்டு யாவாரி லாபிர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். உங்களை அறிந்தவர்கள் யாராவது இருப்பார்கள்தானே. என் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இவ்வளவுதான் வரும்.

அவர் போய்விட்டார், ஜொஹறா. போன மாதம் பதினேழாம் திகதி. மலேரியாக் காய்ச்சல் மூன்றாம் தரமும் வந்து இந்த முறை தலைக்கு ஏறிவிட்டது. மருந்துக் குளிசை தட்டுப்பாடு. முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்தது. இப்போது எனக்கு அழுகையும் இல்லை, நித்திரையும் இல்லை. கிணற்றடிக்குப் போனால் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் வாளியைப் பிடித்தபடி நிற்கிறேன். மகள் நிரோசினி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறாள். அவளுக்குப் பதினாலு வயது. உன் நஃப்லாவும் இந்த உயரம் வந்திருப்பாள்.

ஆனால் இதைச் சொல்ல மட்டும் நான் எழுதவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உன் தகரம் திறந்தாயிற்று.

தொண்ணூறில் முஸ்லிம் சனம் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்ன அன்று, இருந்ததை எல்லாம் விட்டுவிட்டு நீ அந்தப் பிஸ்கட் தகரத்தோடு என் வாசலுக்கு ஓடி வந்தாய். வறுக்காத கோப்பிக்கொட்டை, பழுதாகாது, இது அமானிதம் புள்ள, வந்து வறுத்து ஊத்தித் தாறன் என்றாய். அமானிதம் என்றால் நம்பிக் கொடுத்த பொருள் என்று நானா எனக்கு விளக்கினார். இரண்டு கிழமை என்று நினைத்தோம். எட்டு வருசம் ஆகிவிட்டது. தொண்ணூற்றாறில் சண்டை வந்து கரையை விட்டு ஓடிய நாளில் மாதா படத்தையும் வலையையும் உன் தகரத்தையும்தான் தூக்கினேன். தலையணையை விட்டுட்டு ஊரான் கோப்பிக்கொட்டையைக் காவுறாள் என்று வழி நெடுக அவர் பேசினார். பேசிக்கொண்டே சைக்கிளில் கட்டியதும் அவர்தான். இங்கே மீனம்மா அக்காவின் வளவில் கொட்டில் போட்டு இருக்கிறோம். தகரம் கட்டிலுக்குக் கீழே இருந்தது.

எங்கள் பழைய சண்டை நினைவிருக்கிறதா? மலைநாட்டுக்குக் கருவாடு கொண்டு போகிற நானா திரும்பும்போது கோப்பிக்கொட்டை கொண்டு வருவார், நீ விற்பாய். நான் மீனைப் போட்டுவிட்டு உன் குசினியில் கோப்பி குடிக்கும்போதெல்லாம், யாவாரி பெண்டில் நல்ல கொட்டையைத் தனக்கு ஒளிச்சுப்போட்டுச் சனத்துக்குக் கழிவை விக்கிறாள் என்பேன். நீ சிரிப்பாய். கொட்டையில இல்ல புள்ள, நீ அதைக் கரியா வறுத்து, கேத்திலுக்குள்ள போட்டுக் கொதிக்க வைச்சுக் கொல்லுறாய் என்பாய். நான் ஒருநாளும் நம்பவில்லை.

சாவதற்கு மூன்று நாள் முன்பு, பின்னேரம், காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது. மலர், ஜொஹறா தங்கச்சிட கோப்பி ஒருக்காக் குடிக்கவேணும் போல கிடக்கு என்றார். நான் தகரத்தை இழுத்து மூடியில் கை வைத்தேன். உன் முகம் வந்தது. திரும்பத் தள்ளி வைத்துவிட்டேன்.

மீனம்மா அக்காவின் கிணற்றடியில் ஒரு கோப்பி மரம் நிற்கிறது. அதன் கொட்டை குண்டு. உன்னுடையது நீட்டு. அந்தக் குண்டுக் கொட்டையில் ஒரு பிடி வாங்கி, நீ செய்ததை எல்லாம் நினைத்து நினைத்துச் செய்தேன். புளியம்பழக் கோது நிறம் வந்ததும் சட்டியை இறக்கினேன். மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் போடவில்லை. அரைகுறையாக இடித்து வெள்ளைத் துணியில் போட்டு, கொதி அடங்கிய தண்ணீரை நூல் மாதிரி ஊற்றினேன். சீனி ஏது, ஒரு துண்டு பனங்கட்டிதான். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். ஓம், இதுதான், தங்கச்சிட கொட்டை எண்டால் கொட்டைதான் என்றார். நானும் ஓம் என்றேன். சாகக் கிடந்த மனுசனுக்குப் பொய் சொன்னேன்.

செத்தவீட்டில் வீட்டுக்காரி அடுப்படிக்குப் போவதில்லையே. நான் அவர் தலைமாட்டில் இருந்தேன். அவரைக் கிடத்தக் கட்டிலை நகர்த்தியபோது பெண்டுகள் தகரத்தைக் கண்டிருக்கிறார்கள். ஒழுங்கை வீடுகள் முழுக்கத் தேடியும் தேயிலை இல்லை. எங்களுடையது என்று நினைத்து, கரியாக வறுத்து, மல்லி போட்டு, பெரிய பானையில் கொதிக்க வைத்து வந்த சனத்துக்கு எல்லாம் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு தம்ளர் தந்தார்கள். கசப்பு, மல்லி மணம், அடியில் மண்டி. உன் கொட்டை என்று எனக்குத் தெரியவே இல்லை. நிரோசினிதான் காதுக்குள் வந்து, அம்மா, அது ஜொஹறா மாமிட தகரமெல்லோ என்றாள். நான் வாய்விட்டுக் குளறிவிட்டேன். அவருக்காகக் குளறுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதுவும் சரிதான்.

ஆசைப்பட்டுக் கேட்டவருக்கு நான் கொடுக்கவில்லை. கேட்காத சனம் குடித்துவிட்டுப் போனது.

பூசை முடிந்த அடுத்த நாள், அடியில் மிஞ்சியதில் ஒரு சின்னப் பிடி எடுத்தேன். அதற்கும் மன்னித்துக்கொள். அதே சட்டி, அதே துணி, அதே மாதிரி ஊற்றினேன். எட்டு வருசத்தில் மணம் பாதி போய்விட்டது. என்றாலும் அது வேறு, ஜொஹறா. குண்டுக் கொட்டை தொண்டையில் கனமாகக் கசக்கும். உன்னுடையது லேசாக, கொஞ்சம் புளிப்பாக, ஒரு பூ மணத்தோடு இறங்கியது. நீ சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. கொட்டையைக் கொதிக்க வைத்துக் கொன்றால் நல்லதும் ஒன்றுதான், கெட்டதும் ஒன்றுதான். ஒழுங்காக ஊற்றினால்தான் எது எந்தக் கொட்டை என்று நாக்குக்குத் தெரியும்.

தம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பத்து வருசம் உன் கோப்பியைக் குடித்த நாக்கு அவருடையது. அவருக்கும் தெரிந்திருக்கும். தகரத்தை நான் இழுத்ததையும் திரும்பத் தள்ளியதையும் பார்த்துக்கொண்டுதான் கிடந்திருப்பார். நான் நோகக்கூடாது என்று ஓம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

களைத்துப்போனேன், இவ்வளவும் எழுத மூன்று நாள் பிடித்தது. நானாவைக் கருவாட்டுப் பொடியில் இருந்து தள்ளி இருக்கச் சொல், அவருக்கு இழுப்பு வரும். உன் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராது. ஆண்டவன் உன் குசினியில் அடுப்பு எரிய வைப்பார்.

இப்படிக்கு,
உன் மீன்காரி,
மரியமலர்

மடிக்கும்போது இன்னும் ஒன்று. தகரத்தில் ஒரு சுண்டு அளவு கொட்டை மிச்சம் இருக்கிறது. மூடியைச் சுற்றி அவருடைய பழைய சாரத்தில் கிழித்த துணியால் இறுக்கிக் கட்டி, திரும்பவும் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். வந்து வறுத்து ஊத்தித் தாறன் என்று நீதானே சொன்னாய். இன்னும் எத்தனை வருசத்துக்கு வைத்திருக்க, ஜொஹறா?